தாளில் எஞ்சிய நிரல்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தியின் வீட்டில் இலக்கண நூல்களும் அகரமுதலிகளும் சிறுவர் கதை நூல்களும் இருப்பது இயல்பு. என் வீட்டு அலமாரியில் அவற்றுக்குக் கீழே மேலும் இரண்டு தட்டுகள் உள்ளன. 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த கணினி நூல்கள் அங்கே இருக்கின்றன. தாள் பழுத்தவை, முதுகு பிளந்தவை, மேலட்டை இழந்தவை எனப் பலவகை. வீட்டிற்கு வரும் உடன்பணி ஆசிரியர்கள் அவற்றைப் புரட்டிவிட்டு, "இந்தக் கணினியெல்லாம் இப்போ எங்கேயும் இல்லையே டீச்சர், இந்தப் புத்தகம் எதுக்கு?" என்று கேட்பதுண்டு. நேரில் நான் சொல்லும் விடை எனக்கே நிறைவளிப்பதில்லை. எனவே எழுதிப் பார்க்கிறேன்.

பழைய கணினி நூல் எது கிடைத்தாலும் வாங்குபவள் அல்லேன். பெரிய பதிப்பகங்கள் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட தடித்த பாடநூல்களில் எனக்கு நாட்டமில்லை. ஒருவரோ இருவரோ சேர்ந்து, தாமே தட்டெழுதி, தாமே படம் வரைந்து, அச்சகத்திற்குக் கொண்டுசென்று, தாமே அஞ்சலில் அனுப்பிய நூல்கள் உள்ளனவே, அவற்றைத்தான் தேடுகிறேன். 1975ஆம் ஆண்டு ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினி, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. பெரிய பதிப்பகங்கள் இதை ஒரு சந்தையாகவே கருதாத அந்தச் சில ஆண்டுகளில், அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் இந்தச் சிறு பதிப்பாளர்கள்தாம். அவர்களில் பலர் கற்பித்தலோடு தொடர்புடையவர்கள் என்பதை நான் பின்னர்த்தான் அறிந்தேன். அறிந்தபின் விட முடியவில்லை.

என் முதல் நூல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கிடைத்தது. கல்லூரி நூலகத்தில் கழித்த நூல்களை ஒரு மேசையில் குவித்து, விரும்பியோர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். உளவியல் நூல் தேடிப் போன என் கையில் எந்திர மனிதர் படங்கள் நிறைந்த ஒரு நூல் அகப்பட்டது. 'பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' என்பது அதன் பெயர். பேசிக் மொழியில் எழுதப்பட்ட 101 விளையாட்டுகளின் நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், இடையிடையே ஜார்ஜ் பெக்கர் வரைந்த குறும்புக்கார எந்திர மனிதர்கள். விடுதி அறையில் எனக்குக் கணினி இல்லை. ஆகவே கரிக்கோலும் தாளும் வைத்துக்கொண்டு, நிரலின் வரிகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி, மாறிகளின் மதிப்பைக் கட்டம் போட்டு எழுதி, விளையாட்டை மனத்தில் ஓட்டினேன். 1 முதல் 100 வரை கணினி நினைத்துக்கொண்ட எண்ணை, ஒவ்வொரு முறையும் சரிபாதியாகப் பிரித்துக் கேட்டால் ஏழு முறைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பதை அப்படித்தான் உணர்ந்தேன். எவரும் சொல்லித் தரவில்லை.

அந்த நூலின் கதை சுவையானது. டேவிட் ஆல் என்பவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கல்விக்கூடங்களுக்குக் கணினி விற்கும் பிரிவில் இருந்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதி அனுப்பிய விளையாட்டுகளைத் திரட்டி, 1973இல் அந்த நிறுவனத்தின் வழியாக '101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' நூலைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற இதழைச் சொந்தமாகத் தொடங்கினார். நியூ ஜெர்சி மாநிலத்தின் மோரிஸ்டவுன் என்னும் சிற்றூர்தான் அதன் முகவரி. 1978இல் சிறு கணினிகளுக்கேற்பத் திருத்திய பதிப்பை அவருடைய பதிப்பகமே வெளியிட்டது. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற முதல் கணினி நூல் என்ற பெயர் அதற்கு உண்டு. 2022இல் தம் படைப்புகளை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக அறிவித்துவிட்டார் அம்மனிதர்.

அந்த 101 விளையாட்டுகளுள் ஒன்றைப் பற்றி ஆசிரியர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பெயர் 'ஹமுராபி'. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் பெயர்தான். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குமேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்தது என்பார்கள். விளையாடுபவர் பத்தாண்டுகள் நாட்டை ஆள வேண்டும். தொடக்கத்தில் 100 குடிமக்கள், 1,000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2,800 மரக்கால் தானியம். (ஆங்கில நூலில் 'புஷல்' என்றிருக்கும். வகுப்பில் நான் மரக்கால் என்றே சொல்கிறேன்.) ஒருவர் ஓராண்டு உயிர்வாழ 20 மரக்கால் வேண்டும். ஒரு மரக்கால் விதையில் இரண்டு ஏக்கர் விதைக்கலாம். ஒருவர் பத்து ஏக்கர்தான் பயிரிட முடியும். நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏக்கருக்கு 17 முதல் 26 மரக்கால்வரை மாறும். எலி தின்னும், கொள்ளைநோய் வரும். எல்லாருக்கும் உணவிட்டு, எல்லா நிலத்திலும் விதைத்தால் 2,500 மரக்கால் போய்விடும். மீதி 300 மரக்காலை வைத்து மன்னர் என்ன செய்வார்?

இதை நான் கரும்பலகையில் எழுதி ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விளையாட்டாக நடத்தியிருக்கிறேன். கணினி தேவையில்லை. விளைச்சலுக்கு ஒரு பகடைக்காய் போதும். முதலாண்டிலேயே ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு போட்டா நெறைய நிலம் வாங்கலாமே" என்றான். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. "அந்தப் பாதியிலே உங்க வீடு வந்தா?" என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. நூலின் நிரலும் அவள் பக்கம்தான். ஓராண்டில் குடிமக்களில் நூற்றுக்கு 45 பேருக்குமேல் பட்டினியால் மாண்டால், மன்னரைப் பதவியிலிருந்து இறக்கிவிடும்.

இந்த விளையாட்டின் மூலம் எதுவென்று தேடிப் போனால், நம்மைப் போன்ற ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் போய் நிற்கிறோம். நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்னும் ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர் மேபல் ஆடிஸ். ஐபிஎம் நிறுவனத்தோடு இணைந்து நடந்த கல்வித் திட்டம் ஒன்றிற்காக, 1964ஆம் ஆண்டில் 'சுமேரியன் கேம்' என்ற விளையாட்டை அவர் எழுதினார். நிரலாக்கியவர் வில்லியம் மெக்கே. பண்டைய சுமேரிய நகரமான லகாஷின் மன்னனாக இருந்து மாணவர் தானியக் கணக்குப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்த பெருங்கணினியோடு இணைத்த தட்டச்சுப்பொறியின்முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்து விளையாடினார்கள். கணினி விளையாட்டுக்கு எழுதியவர்களில் முன்னோடி என்று மேபல் ஆடிஸை இன்று போற்றுகிறார்கள். நெடுங்காலம் எவருக்கும் அவர் பெயர் தெரியாது. அவர் மறைந்தது 2004இல்.

அந்த விளையாட்டின் நிரல் இன்று இல்லை! தொலைந்துவிட்டது. அச்செடுத்த சில தாள்களும், விளையாட்டோடு காட்டிய படவில்லைகளும் எஞ்சியிருக்கின்றன. ஆனால் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்பவர் 1968இல் சுருக்கமாக எழுதிய நிரல், டேவிட் ஆல் பேசிக் மொழிக்கு மாற்றியதால் நூலில் ஏறியது. நூலில் ஏறியதால் பல இலட்சம் வீடுகளுக்குப் போயிற்று. என் அலமாரிக்கும் வந்தது. பெருங்கணினியில் இருந்த ஆசிரியையின் படைப்பு அழிந்தது, மலிவுத் தாளில் அச்சான அதன் நிழல் பிழைத்தது. நான் ஏன் இந்த நூல்களைச் சேர்க்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இன்னும் இருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

முதலாமவர் பாப் ஆல்பிரெக்ட். 1960களின் தொடக்கத்திலேயே டென்வர் நகரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தவர். பின்பு கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரிலிருந்து, 1972 அக்டோபரில் 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். பெயரில்தான் கம்பெனி. செய்தித்தாள் தாளில், கையால் வரைந்த தலைப்புகளும் டிராகன் படங்களுமாக, திருவிழாத் துண்டறிக்கை போன்ற தோற்றம். 'மை கம்ப்யூட்டர் லைக்ஸ் மீ' என்று தொடங்கும் தலைப்புடைய அவருடைய சிறு நூலும் அதே 1972இல் வந்தது. குழந்தையோடு உட்கார்ந்து பேசுவது போன்ற நடை. நான் கண்ட பயிற்றிகளிலெல்லாம் இவ்வளவு கனிவான ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தச் செய்தித்தாளில் வந்த விளையாட்டுகளைத் தொகுத்து 1975இல் 'வாட் டு டூ ஆஃப்டர் யூ ஹிட் ரிட்டர்ன்' என்ற பெரிய அளவு நூலையும் வெளியிட்டார்கள். என்னிடம் இருக்கும் படியில் முதுகுப் பசை முழுவதும் உதிர்ந்துவிட்டது. நாடா கட்டி வைத்திருக்கிறேன்.

மற்றவர் நமக்கு இன்னும் நெருங்கியவர். பினாங்கு சவுரஸ்தா சந்தையின் மாடியில் பழைய நூல் கடைகள் வரிசையாக இருப்பதைப் பலரும் அறிவீர்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். பள்ளி விடுமுறையில் பினாங்கு போனால் நான் அங்கே இரண்டு மணி நேரமாவது செலவிடுவேன். (என் கணவர் அதற்குள் கீழே இறங்கிப்போய்ச் செண்டோல் குடித்துவிட்டு வந்துவிடுவார்.) அங்கே ஒரு பெரியவர், நான் தேடுவதை அறிந்து தனியே எடுத்து வைப்பார். ஒருமுறை, "டீச்சரம்மா, உங்க சாமான் ஒண்ணு வந்திருக்கு" என்று கட்டு ஒன்றின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். 'ஆன் இன்ட்ரொடக்‌ஷன் டு மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்', முதல் தொகுதி. பதிப்பகம் ஆடம் ஆஸ்போர்ன் அண்ட் அசோசியேட்ஸ், பெர்க்லி, கலிபோர்னியா. ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. "இந்த ஆசிரியருக்குத் தமிழ் நல்லாத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கி நூலைப் பார்த்தார். "வெள்ளைக்காரப் பேரா இருக்கே" என்றார்.

வெள்ளைக்காரர்தாம். ஆடம் ஆஸ்போர்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தையார் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், தாயார் போலந்து நாட்டவர். ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஆர்தர் ஆஸ்போர்னின் பெயரை அறிந்திருப்பார்கள். மகரிஷியின் வரலாற்றை எழுதியவர் அவரே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தந்தையார் பாங்காக்கில் சப்பானியரின் காவலில் இருக்க, தாயாரும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் தங்கியிருந்தார்கள். அருணாசல மலையடிவாரத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடித்திரிந்த சிறுவன் ஆடம். தமிழ் சரளமாகப் பேசுவார். பதினொரு வயதளவில் இங்கிலாந்துக்குப் போய், வேதிப்பொறியியல் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார்.

சிறு கணினிகளைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பதிப்பகம் ஏற்கவில்லை. தாமே அச்சிட்டார். ஹோம்பிரூ கணினிச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் பெட்டியில் எடுத்துச்சென்று விற்றார். பின்னர் ஐம்சாய் நிறுவனம் தன் கணினியோடு சேர்த்துக் கொடுப்பதற்காக இந்நூலை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. நூல் பரவிற்று. ஒரு மனிதர் தொடங்கிய பதிப்பகம், சில ஆண்டுகளிலேயே பல கணினி நூல்களை வெளியிடும் அளவிற்கு வளர்ந்து, 1979இல் மெக்ரா-ஹில் பதிப்பகத்தின் கைக்குப் போனது. அதற்குப் பின்பு அவர் 1981இல் செய்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும்படி செய்து விற்பனையில் வெற்றி கண்ட முதல் கணினி. எடை ஏறத்தாழ 11 கிலோ. தூக்கிச் செல்லலாம் என்பது சற்றே தாராளமான சொல்தான்! விலை 1,795 அமெரிக்க டாலர். 1983 செப்டம்பரில் அந்த நிறுவனம் நொடித்துப்போயிற்று. 1992இல் உடல் நலிந்து இந்தியா திரும்பிய ஆடம், 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொடைக்கானலில் மறைந்தார். கணினி வரலாறு பேசுவோர் அவருடைய நிறுவனத்தின் வீழ்ச்சியைத்தான் விரிவாகப் பேசுகிறார்கள். எனக்கோ அவர் முதலில் ஒரு பதிப்பாளர். தெளிவாக எழுதத் தெரிந்த பதிப்பாளர்.

இப்படி இன்னும் சிலர் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் நாட் வாட்ஸ்வொர்த் என்பவரின் செல்பி நிறுவனம் 1974இல் கணினியையே விற்றது. பிறகு கணினியைவிட அதற்கான நூல்களில்தான் வருவாய் என்று கண்டு நூல் வெளியீட்டுக்கு மாறிவிட்டது. டெட் நெல்சன் 1974இல் சொந்தமாக வெளியிட்ட நூலுக்கு இரண்டு முகப்பு. ஒரு பக்கத்திலிருந்து படித்தால் 'கம்ப்யூட்டர் லிப்', தலைகீழாகத் திருப்பினால் 'டிரீம் மெஷின்ஸ்'. அதன் முதற்பதிப்பு இன்று ஆசிரியர் சம்பளத்திற்கு எட்டாத விலை. 1987இன் மறுபதிப்போடு மனநிறைவு கொண்டேன்.

இந்த நூல்களின் உள்ளே இருப்பதைப் பற்றிப் பெற்றோர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்காலத்தில் விளையாட்டையோ கணக்கு நிரலையோ நூலில் பார்த்து, வரிவரியாகத் தட்டெழுதித்தான் கணினிக்குள் ஏற்றினார்கள். நூறு வரி தட்டெழுதி முடித்து ஓட்டினால், எங்கோ ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும். நிரல் நின்றுவிடும். சுழியத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் பிரித்தறிவது பெரும்பாடு. அதற்காகவே சுழியத்தின் குறுக்கே கோடு போட்டு அச்சிட்டார்கள். துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. அச்சுக்கோப்பவர் கைபட்டால் புதுப்பிழை நுழையும் என்று அஞ்சி, அச்சுப்பொறி கக்கிய தாளையே படமெடுத்து நூலில் போட்டார்கள். எனவேதான் பல நூல்களில் எழுத்து மங்கலாக இருக்கும். வட கரோலைனாவிலிருந்து வந்த 'கம்ப்யூட்' இதழ், தட்டெழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை எண் காட்டி மெய்ப்புப் பார்க்கும் சிறு நிரலை 1983இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் நூல்கள் மேசையில் விரித்தபடி நிற்கக் கம்பிச்சுருள் கட்டுடன் வந்தன. தட்டெழுதும் வாசகனின் கை எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய்த கட்டு அது.

இப்படித் தட்டெழுதியவர்கள் விட்டுச்சென்ற கரிக்கோல் குறிப்புகள்தாம் என் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை. அம்கார்ப் மாலில் வார இறுதிப் பழம்பொருள் சந்தையில், ஆஸ்போர்ன் பதிப்பகத்தின் 'சம் காமன் பேசிக் புரோகிராம்ஸ்' நூலின் படி ஒன்று கிடைத்தது. லான் பூல், மேரி போர்ச்சர்ஸ் இருவரும் 1977இல் எழுதியது. கடன் தவணை, வட்டிக் கணக்கு முதலிய நிரல்கள் உள்ளன. அதில் ஒரு வரியருகே சீன எழுத்தில் குறிப்பு ஒன்று இருந்தது. கீழே ஆங்கிலத்தில் 'ஓகே' என்றும், 1984ஆம் ஆண்டின் ஒரு தேதியும். பக்கத்துச் சீனப்பள்ளியில் பணிபுரியும் தோழியிடம் காட்டினேன். "அடைப்புக்குறி ஒன்று குறைகிறது என்று எழுதியிருக்கிறார்" என்றார். 1984இல் இந்த நாட்டின் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர், எத்தனை இரவு விழித்தோ, அந்த அடைப்புக்குறியைக் கண்டுபிடித்திருக்கிறார். சேகரிப்பாளர்கள் கிறுக்கல் இல்லாத படிகளுக்கே கூடுதல் விலை கொடுப்பார்கள். எனக்குக் கிறுக்கல் இருந்தால்தான் நூல்.

இன்று நம் பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் ஓர் அலகாக இருக்கிறது. ஸ்கிராட்ச் மென்பொருளில் வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். எழுத்துப்பிழைக்கே இடமில்லை. அது நல்லதே, நான் குறை கூறவில்லை. ஆனால் கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த அலகு என்ன ஆகும் என்ற கேள்வியை 2020 மார்ச் மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நேருக்குநேர் சந்தித்தேன். என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒன்பது பிள்ளைகளின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குமேல்தான் புலனத்தில் பாடம் பார்ப்பார்கள்.

அப்போது கைகொடுத்தது கிரகரி யாப் 1973இல் எழுதிய 'ஹன்ட் தி வம்பஸ்'. மேற்சொன்ன 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இருக்கிறது. கட்டம் போட்ட விளையாட்டுகளையே பார்த்துச் சலித்த யாப், பன்னிரு முக வடிவத்தின் இருபது முனைகளை இருபது குகை அறைகளாக்கினார். ஒவ்வோர் அறையிலிருந்தும் மூன்று வழிகள். ஓர் அறையில் வம்பஸ் என்னும் விலங்கு, இரண்டு அறைகளில் அடியில்லாக் குழி, வேறு இரண்டில் பெருவௌவால். கையில் ஐந்து அம்புகள். அடுத்த அறையில் ஆபத்து இருந்தால் மட்டும் கணினி எச்சரிக்கும். எந்த அறை என்று சொல்லாது. அதை ஏரணத்தால் கண்டுபிடிக்க வேண்டும்.

குகை வரைபடத்தை ஒரு தாளிலும், கணினி பின்பற்றும் விதிகளை இன்னொரு தாளிலும் தமிழில் எழுதினேன். அம்பின் வளைந்த பாதை முதலிய சிக்கல்களை விட்டுவிட்டேன். வம்பஸ் எங்கள் தாளில் 'வம்பன்' ஆனான். அடுக்குமாடிக்கு அருகிலுள்ள மளிகைக்கடையில் ஒன்பது உறைகளை வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை விளையாட வேண்டும், அம்மா கணினியாக இருக்க வேண்டும். 'பிள்ளை நிற்கும் அறையை ஒட்டிய அறையில் குழி இருந்தால், காற்று வீசுகிறது என்று சொல்லவும். வேறு எதுவும் சொல்லக்கூடாது' என்பது போன்ற விதிகள். மூன்றாம் நாள் ஒரு தாயார் அழைத்தார். "டீச்சர், வௌவால் தூக்கிட்டுப் போய்ப் போட்ட ரூம்புலேயே குழி இருந்தா நான் என்ன சொல்லணும்?" நூலை எடுத்து நிரலைப் பார்த்தேன். வௌவால் வீசியபின் நிரல் மீண்டும் மேலே போய்ப் புதிய அறையைச் சோதிக்கிறது. "குழி இருந்தா விழுந்ததுதான்மா" என்றேன். "அது பாவமே பார்க்காதா?" என்றார். "பார்க்காது. எழுதினதை மட்டும்தான் செய்யும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போ புரியுது டீச்சர், கம்ப்யூட்டர்னா என்னான்னு" என்றார். அவர் கையுறைத் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்தவர். அதுவரை கணினியைத் தொட்டதில்லை என்று பின்பு சொன்னார்.

நூல் சேர்க்க விரும்புவோருக்குச் சில செய்திகள். நம் நாட்டின் ஈரக்காற்று தாளுக்குப் பகை. பூஞ்சை ஒரு நூலில் பிடித்தால் அடுத்ததற்குத் தாவும். புதிதாக வாங்கியதை ஒரு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே அலமாரியில் சேர்ப்பேன். மூடியிட்ட நெகிழிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டு வைக்கலாம். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் நொறுங்கிவிடும். ஒட்டுநாடாவால் முதுகை ஒட்டவும் வேண்டாம். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி அச்சையே கெடுத்துவிடும். சிறுவர்களுக்கென்றால் அஸ்போர்ன் என்னும் பிரிட்டிஷ் பதிப்பகத்தின் 1980களின் வண்ண நூல்களிலிருந்து தொடங்கலாம். (ஆடம் ஆஸ்போர்னுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர்தான் ஒலியில் நெருங்குகிறது.) அவற்றில் பலவற்றை அப்பதிப்பகமே இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது.

அண்மையில் என் அலமாரியில் மூன்றாவது தட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீடு மாறும்போது என்னை அழைத்து ஒரு கோப்பைக் கொடுத்தார். தமிழ் இணையம் 2001 மாநாடு கோலாலம்பூரில் நடந்ததை ஒட்டிய காலத்தில், ஆசிரியர்களுக்குத் தமிழில் தட்டெழுதக் கற்றுக்கொடுக்க அவரே தயாரித்த பயிற்சிக் குறிப்புகள். ஏறத்தாழ நாற்பது பக்கம். விசைப்பலகைப் படத்தை அளவுகோல் வைத்துக் கையால் வரைந்திருக்கிறார். எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறார். கோப்போடு நான்கு நெகிழ்வட்டுகளும் இருந்தன. அவற்றில் இரண்டைப் படிக்கவே முடியவில்லை. மற்ற இரண்டிலிருந்த கோப்புகள் திறந்தன. ஆனால் அவை ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இப்போது யாரிடமும் இல்லை. திரை முழுவதும் பொருளற்ற குறிகள். தாளில் உள்ள நாற்பது பக்கங்கள் மட்டும் நேற்று எழுதியவை போலத் தெளிவாக இருக்கின்றன. "இதையெல்லாம் யாரும்மா வச்சிருப்பாங்க?" என்று தயங்கித்தான் அவர் கொடுத்தார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக் கிடங்கிலோ வீட்டிலோ இத்தகைய கணினிப் பயிற்சிக் குறிப்புகள், பட்டறைத் தாள்கள், எழுத்துரு நிறுவும் வழிகாட்டிகள் ஏதேனும் இருந்தால், பழைய தாள் வாங்கும் லாரிக்குப் போடுமுன் ஒருமுறை எனக்குத் தெரிவியுங்கள். அஞ்சல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பி அனுப்பவும் தயார். ஆடம் ஆஸ்போர்ன் தம் நூல் வரிசையில் தொடக்கநிலையினருக்காக எழுதிய தொகுதிக்குச் 'சுழியத் தொகுதி' என்று பெயரிட்டார். கணினிக்காரர்கள் சுழியத்திலிருந்து எண்ணுபவர்கள் அல்லவா! அது இன்னும் என்னிடம் இல்லை. அதையும் கண்டால் சொல்லுங்கள்.